மருத மரமும் இரண்டு ஓவியர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு செம்மொழிப் பூங்காவுக்குப் போயிருந்தேன். கீழ்க்கட்டளைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பூங்காவைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. தாவரவியல் டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. உங்களில் பலருக்கு அந்த இடம் டிரைவ்-இன் உட்லண்ட்ஸாகத்தான் நினைவிருக்கும். 1962இல் வந்து 2008இல் மூடிய ஹோட்டல். 2010 நவம்பரில் அங்கே இந்தத் தாவரவியல் பூங்காவைத் திறந்தார்கள். ஹோட்டலுக்கும் முன்னால் அந்த நிலம் 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. ஆக, தோட்டம் நடுவில் கொஞ்ச காலம் இட்லி சாம்பார் பரிமாறிவிட்டு மறுபடி தோட்டமாகியிருக்கிறது.

போகும்போது பஸ் சைதாப்பேட்டைப் பாலம் தாண்டியதும் பேத்திக்கு ஒரு கதை சொன்னேன். 1780களின் கடைசியில் அந்தப் பக்கம் ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டம் இருந்தது. "கள்ளிக்குப் போய்த் தோட்டமா பாட்டி?" என்றாள். கள்ளி கள்ளிக்காக இல்லை. அதில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் அதை விற்றுக் கொழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் தலைமை மருத்துவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், நாமும் சாயம் எடுக்கலாம் என்று கிளம்பினார். 1795இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது மட்டமான இனப் பூச்சி. சாயம் தேறவில்லை. 1800இல் தோட்டத்தை மூடி, செடிகளைப் பெங்களூர் லால்பாகுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான், செடியைவிடக் காசின் மேல்தான் கண்.

பூங்காவில் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தோம். வெளிர் சாம்பல் பட்டை, உரிந்து உரிந்து வழவழவென்று இருந்தது. கீழே விழுந்திருந்த காயை எடுத்து அதன் ஐந்து இறக்கைகளைப் பேத்தி எண்ணினாள். இலையைத் திருப்பி, அடியில் காம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகளைக் காட்டினேன். பெயர்ப்பலகையில் டெர்மினாலியா அர்ஜுனா என்று இருந்தது. அவள் போனில் தேடிவிட்டு, "பேருக்குப் பின்னால வைட், அர்ன்னு என்னமோ போட்டிருக்கே, யாரு பாட்டி அவங்க?" என்று கேட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய பெயர். பெயர் வைத்தவரின் சுருக்கம் என்பதற்கு மேல் நான் உங்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை. (வெட்பாலையின் ரைட்டியா வேறு ஒருவர் பெயரில் வந்தது, வில்லியம் ரைட். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய பெருமையும் எனக்கு உண்டு.) வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து படித்தேன்.

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். 1819இல் கம்பெனி மருத்துவராக மதராஸுக்கு வந்தார். செடி சேகரிக்க அரசாங்கம் கொடுத்த பதவியை 1828இல் அதே அரசாங்கம் ஒழித்தது. நாகப்பட்டினத்துக்கு மாற்றல். மனுஷன் விடவில்லை, சொந்தச் செலவில் தொடர்ந்தார். 1834இல் நண்பர் வாக்கர்-ஆர்னாட்டோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில்தான் மருத மரம் இன்றைய பெயரைப் பெற்றது. அதற்கு முன் ராக்ஸ்பரோ அதை 'ஐந்து இறக்கை' என்று பொருள்படும் பென்டாப்டெரா பேரினத்தில் வைத்திருந்தார். என் பேத்தி எண்ணிய அதே ஐந்து.

இதுவரை வழக்கமான வெள்ளைக்காரர் கதை. என்னை நிறுத்தியது அடுத்தது. வைட்டின் பெரும்படைப்பு, 1853இல் ஆறு தொகுதிகளாக மதராஸில் அச்சாகி முடிந்த இந்தியத் தாவரப் படநூல். மொத்தம் 2,101 படங்கள். பலவற்றின் கீழே மூலையில் பொடி எழுத்தில் "ரங்கையா டெல்." அல்லது "கோவிந்து டெல்." என்று இருக்கும். 'டெல்' என்றால் லத்தீனில் 'வரைந்தவர்'. தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1820களிலிருந்து சுமார் 1845 வரை ரங்கையா வரைந்தார். அதற்குப் பின் கோவிந்து.

படம்தானே என்று நினைக்காதீர்கள். ஹெர்பேரியம் தாளில் அழுத்திய செடி நிறம் போய்ச் சப்பையாகிவிடும். ஆர்க்கிட் பூவெல்லாம் காய்ந்தால் கூழ்தான். பூ வாடுவதற்குள் அதைப் பிளந்து, மகரந்தத்தாள் எத்தனை, சூலகத்தில் அறை எத்தனை என்று பார்த்து, இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும். தவறாக ஒரு கோடு போட்டால் அது வேறு இனம். லண்டனில் உட்கார்ந்திருந்தவர் நம்மூர்ச் செடியை அந்தக் கோடுகளை நம்பித்தான் அறிந்தார். நாகப்பட்டினத்திலிருந்து போன ரங்கையாவின் படங்களைக் கிளாஸ்கோவில் இருந்த ஹூக்கர் வாங்கி வெளியிட்டார்.

வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்றே பெயர் வைத்தார். ஓவியனின் பெயரில் பேரினம், எவ்வளவு பெரிய மரியாதை! ஆனால் பின்னால் அதை ட்ராபிடியா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். முந்திய பெயருக்கே முன்னுரிமை, விதி அப்படி. விதி சரிதான், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவர்களுடைய மூல ஓவியங்கள் 700க்கு மேல் இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007இல் மூன்று தொகுதிகளாக எழுதிய நூலின் தலைப்பில் வைட்டோடு ரங்கையா, கோவிந்து பெயர்களையும் போட்டிருக்கிறார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிளஸ் டூவில் ஒரு பையன் இருந்தான். ஊமத்தைப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரையச் சொன்னேன். எல்லாரும் கைடைப் பார்த்துப் போட்டார்கள். அவன் பள்ளிக்கூட வேலியோரம் ஊமத்தைப் பூவைப் பறித்து, பிளேடால் கீறி, சூல்கள் உட்கார்ந்திருக்கும் சாய்வு வரை வரைந்திருந்தான். புத்தகப் படத்தைவிட அதுதான் சரி. நான் பார்த்தேன், எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மற்ற கேள்விகளில் பின்தங்கியிருந்தான். "படம் போட்டே பொழுதைப் போக்காதே, இதுவா உனக்குச் சோறு போடும்?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன். அடுத்த ரெகார்டில் அவனும் கைடுப் படத்தையே போட்டுக்கொண்டு வந்தான். நான் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். தம்பி, நான் சொன்னது தப்பு.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை பேத்தியோடு மறுபடி பூங்காவுக்குப் போகிறேன். அந்த மருத மரத்தடியில்தான் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு நோட்டும் எச்.பி. பென்சிலும் கொண்டுவாருங்கள். இலையைப் பறிக்கக் கூடாது, விழுந்த காய் போதும். பிளேடு என்னிடம் இருக்கிறது.