நெய்வேலியின் கூரைகள்: வீட்டுச் சூரிய மின்சாரத்தின் ஆதாயமும் வரம்பும்

நெய்வேலிக்குச் சூரிய மின்சாரம் புதிதல்ல. இங்கே பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் 2015 இல் இங்கு 10 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நிறுவியது. பின்னர் இன்னும் 130 மெகாவாட் சேர்ந்தது. தென் மாவட்டங்களிலும் அடுத்தடுத்து நிலையங்கள் எழ, சூரிய மின்சாரத்தில் ஒரு ஜிகாவாட்டை எட்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. இவையெல்லாம் தரையில் நிற்கும் நிலையங்கள். அதே ஊரில் ஒரு குடும்பம் தன் வீட்டு மொட்டை மாடியில் பேனல் வைக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வீட்டுச் சோலாரின் நன்மை தீமைகளைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் பேனலிலிருந்து தொடங்குகின்றன: அதன் விலை, திறன், ஆயுள், உத்தரவாதம். எங்கு வைத்தாலும் பேனல் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டுக்கு வீடு மாறுபவை மூன்று: கூரை யாருக்குச் சொந்தம், அந்த வீட்டின் மின்கட்டணம் எந்தப் படியில் நிற்கிறது, மின்சாரம் எந்த வேளையில் செலவாகிறது. நெய்வேலியில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் சாதகமாக அமைவது அரிது. ஆகவே, தனித்தனி வீட்டுக்கு மானியம் என்ற இன்றைய அணுகுமுறை இந்த ஊருக்குப் போதாது என்பது என் வாதம். கூரைகளைக் கூட்டாகக் கையாளும் வழி இங்கே வேண்டும்.

முதலில் கணக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். அதிகபட்சம் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட் அமைக்கச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நம் பகுதி வெயிலுக்கு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 3 கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 720 யூனிட் தரும். சந்தையில் அதன் விலை 2 லட்சத்தை ஒட்டியிருக்கிறது. மானியம் போக வீட்டுக்காரர் கையிலிருந்து போவது சுமார் 1.2 லட்சம்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு அடுத்த படியும் மலிவு. 500 ஐத் தாண்டியதும் விகிதம் வேகமாக ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 11 ரூபாயைத் தாண்டுகிறது. 2024 ஜூலைக்குப் பிந்தைய கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவழிக்கும் வீட்டின் பில் சுமார் 4,800 ரூபாய். கம்பிக்கு அனுப்பிய யூனிட்டைச் செலவிலிருந்து கழிக்கும் நெட் மீட்டரோடு 3 கிலோவாட் வைத்தால் அந்த வீட்டின் நிகரச் செலவு இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு 28,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்ட பணம் நான்கைந்து ஆண்டில் திரும்பும். இதே அமைப்பை 300 யூனிட் வீட்டில் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டின் பில்லே 700 ரூபாய்தான். ஆண்டுக்கு 4,200 ரூபாய் மிச்சம் பிடித்து 1.2 லட்சத்தை மீட்க 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேனலுக்குத் தரும் உத்தரவாதம் 25 ஆண்டு. அதற்குள் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். மானியம் போக 45,000 ரூபாய்க்குள் முடிந்தால் பதினோரு ஆண்டில் பணம் மீளும். பெரிதாக வைத்தால் மானியம் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்லி 300 யூனிட் வீட்டில் 3 கிலோவாட்டை ஏற்றும் விற்பனைப் பேச்சு அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

இதிலிருந்து தெரிவது: மின்சாரத்தை நிறையச் செலவழிக்கும் வீட்டுக்கே வீட்டுச் சோலார் பெரிய ஆதாயம். குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீடுகளுக்கு அரசே கட்டணச் சலுகை கொடுத்திருப்பதால், அதே சலுகை சோலாரின் லாபத்தைக் கரைத்துவிடுகிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ள மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து போன்ற இடங்களில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளில் ஏ.சி. ஓடுவதில்லை, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு ஃப்ரிட்ஜ். கூரை அவர்களுக்குச் சொந்தமாக இருந்தாலும் கணக்கு கைகூடுவது கடினம்.

என்.எல்.சி. நகரியத்துக்குள் நிலைமை நேர் எதிர். வட்டம் வட்டமாக அமைந்த இந்த ஊரில் பணியாளர் குடியிருப்பது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில். கூரை நிறுவனத்துடையது. மின்சாரத்தையும் நிறுவனமே சலுகையில் வழங்குகிறது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பணம் மீள நான்கு ஆண்டோ பதினோரு ஆண்டோ ஆகும் ஒரு முதலீட்டை, அடுத்த பதவி உயர்வில் வேறு வட்டத்துக்கு மாறக்கூடிய ஒருவர் பிறர் கூரையில் ஏன் செய்யப் போகிறார்? சூர்ய கர் மானியமும் சொந்த வீடு உள்ளவருக்கே உரியது. ஆக, வெயில் இருந்தும் கூரை இருந்தும் நகரியவாசிக்கு உரிமையும் இல்லை, தூண்டுதலும் இல்லை. உரிமையும் தூண்டுதலும் ஓரளவு சேர்ந்து வருவது ஒரே ஒரு பிரிவினருக்கு: ஓய்வுக்குப் பின் வடலூரிலோ இந்திரா நகரிலோ விருத்தாசலத்திலோ சொந்த வீடு கட்டிக்கொண்ட முன்னாள் பணியாளர்கள். பணிக்கொடையாக வந்த தொகை கையில் இருக்கும். பகலில் வீட்டில் இருப்பார்கள். சலுகை மின்சாரத்தில் பழகிய வீட்டில் ஏ.சி.யும் இருக்கும். சோலார் விற்பவர்கள் முதலில் தட்டும் கதவு இவர்களுடையதாக இருப்பதில் வியப்பில்லை.

கூரையின் உரிமையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் நகரியத்துக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. நெய்வேலியின் பெருமையே மரங்கள்தான். தோண்டிய மண்ணின் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்தெடுத்த நிழல் அது. ஒரு பழைய குவார்ட்டர்ஸின் பின்பக்கம் போய் நின்றால் மாவும் பலாவும் வேம்பும் கூரைக்கு மேலே கை கோத்திருக்கும். பேனல்கள் வரிசையாகத் தொடராக இணைக்கப்படுபவை. பிற்பகல் 3 மணிக்கு ஒரு வேப்பங்கிளையின் நிழல் கடைசிப் பேனலின் கீழ் ஓரத்தில் விழுந்தால், அந்த ஓரத்து மின்கலங்கள் மின்னோட்டத்தைத் தடுக்கும்; பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு அந்தப் பகுதியைத் தாண்டி மின்னோட்டத்தைக் கடத்திவிடும். இழப்பு நிழலின் அளவைவிடப் பெரிதாகவே இருக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் பொருத்தினால் சேதம் குறையும், செலவு கூடும். பேனலுக்காக மரத்தை வெட்டுவது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது. கோடையில் அந்த வீட்டின் ஏ.சி. செலவைக் குறைப்பதே அந்த மரம்தான். எனவே பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், அங்காடி, பணிமனை போன்று மரத்தைத் தாண்டி உயர்ந்து அகன்ற கூரை உள்ள கட்டடங்களே முதல் தேர்வு. தூசியும் உண்டு. சுரங்கமும் அனல் நிலையமும் அருகில் இருக்கும் ஊரில், மழையில்லாத மாதங்களில் பேனலைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கழுவினால்தான் சொன்ன யூனிட் வரும்.

புயலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. இத்தகைய கடலோர மாவட்டத்தில் பேனலைத் தாங்கும் சட்டம் எத்தனை வேகக் காற்றுக்கு வடிவமைக்கப்பட்டது, அது கூரைத் தளத்தில் எப்படி ஊன்றப்பட்டது என்பது பேனலின் பிராண்டைவிட முக்கியம். பழைய தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்கினால் அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும். கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தினால் அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புயலோடு சேர்ந்து ஒரு பரவலான தவறான நம்பிக்கையையும் பேச வேண்டும். வீட்டில் சோலார் இருந்தால் கரண்ட் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். மானியத்தோடு பெரும்பாலும் நிறுவப்படும் ஆன்-கிரிட் அமைப்பு அப்படி வேலை செய்யாது. தெருக் கம்பியில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் சில நொடிகளில் தானாக நின்றுவிடும். பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. உச்சி வெயிலில், எட்டுப் பேனல் மின்ன, வீட்டுக்குள் விசிறி சுற்றாமல் நிற்கும். மின்தடையிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். அப்போது மேலே சொன்ன நான்கு ஆண்டுக் கணக்கு செல்லாது. தானே போன்ற ஒரு புயலை நினைத்து வாங்குபவர் இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுற்றுச்சூழல் பயனிலும் நெய்வேலிக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. இங்குள்ள பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கிலோவை எடுக்க அதைப் போல் பல மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். 3 கிலோவாட் கூரை ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தந்தால் நான்கு டன் நிலக்கரி மிச்சம் என்று கூறிவிடத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. மின் கட்டமைப்பில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும்போது எரிபொருள் செலவு அதிகமுள்ள நிலையத்துக்கே முதல் ஆணை போகும். சுரங்க வாயிலிலேயே இருக்கும் நெய்வேலி நிலையங்களின் எரிபொருள் செலவு, தொலைவிலிருந்து கப்பலில் நிலக்கரி கொண்டுவரும் நிலையங்களைவிடப் பெரும்பாலும் குறைவு. எனவே நெய்வேலிக் கூரையில் விளையும் மின்சாரம் வேறெங்கோ எரியும் நிலக்கரியை மிச்சப்படுத்தலாம். இதே ஊரின் புகைபோக்கியை உடனே தணியச் செய்யாது.

மாலை நேரம் அடுத்த சிக்கல். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயில் சாய்ந்த பிறகு விளக்கும் ஏ.சி.யும் சேர்ந்து ஏறும் தேவைக்குக் கூரைப் பேனல் உதவாது. பகலில் சூரிய மின்சாரம் குவியும்போது அனல் அலகுகள் தணிந்து, அந்தியில் மீண்டும் வேகமாக ஏற வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறைகள் அனல் அலகுகள் 55 விழுக்காட்டுச் சுமையிலும், பின் படிப்படியாக 40 விழுக்காட்டிலும் ஓடத் தயாராக வேண்டும் என்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தின் தேய்மானத்தைச் சுமப்பது கொதிகலன்களும் அவற்றின் அருகில் நிற்கும் தொழிலாளர்களுமே. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகள் உயிர்களைப் பறித்தன. அவற்றுக்குச் சூரிய மின்சாரம் காரணமல்ல. ஆனால் கொதிகலனை இனி எப்படி இயக்கப் போகிறோம் என்று பேசும்போது, இந்த ஊர் அந்த இழப்பை மறந்து பேச முடியாது.

பெரிய சூரியப் பூங்காவில் ஒரு யூனிட் மலிவு, கூரையில் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விலையை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தரையில் ஒரு மெகாவாட் நிறுவ நான்கைந்து ஏக்கர் வேண்டும். 1935 இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரித்துகள் மேலே வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் வரலாறு நிலம் கைமாறிய வரலாறுதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலில் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. மின்சாரத்துக்காக நிலம் கொடுத்துச் சலித்த மக்களுக்கு, ஒரு சென்ட் நிலம்கூடக் கேட்காத மின்சாரம் என்பது யூனிட் விலையில் அடங்காத மதிப்பு. கூரைச் சோலாருக்கு ஆதரவான வாதங்களில் நெய்வேலியில் மிக வலுவானது இதுவே என்பது என் முடிவு.

அதனால்தான் நகரியக் கூரைகளை நிறுவனமே கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். குவார்ட்டர்ஸின் உரிமையாளர் அதுவே. மின்சாரம் வழங்குவதும் அதுவே. சூரிய நிலையம் நடத்திய அனுபவமும் அதற்கு உண்டு. மூன்றாம் தரப்போ மின் நிறுவனமோ கூரையில் முதலீடு செய்து நடத்தும் முறைக்குச் சூர்ய கர் திட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஒரு கூரையில் விளைந்த மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களில் பகிர்ந்து கழிக்கும் முறையை டெல்லி ஒழுங்குமுறை ஆணையம் 2019 லேயே வகுத்தது. அப்படிப்பட்ட ஏற்பாடு நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு வந்தால், பள்ளிக் கூரையில் விளைந்த யூனிட்டில் ஒரு பங்கை, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வாழும் மறுகுடியமர்வுப் பகுதியின் வீடுகளுக்கு எழுதலாம். இழப்பீட்டோடு முடிந்துவிட்டதாகக் கருதப்படும் ஓர் உறவு ஒவ்வொரு மின்கணக்கிலும் தொடரும்.

இதில் முதலில் தீர வேண்டியது பட்டா. நிலம் இழந்து வேறிடத்தில் குடியேறியவரின் புதுமனைக்குத் தெளிவான பட்டா இல்லையென்றால், அந்த வீட்டுக்கு மானியமும் வராது, வங்கிக் கடனும் வராது. மேலே போட்ட எந்தக் கணக்கும் அந்த வாசலை எட்டாது. கூரைக்குப் பேனல் தேடும் முன் மனைக்குக் காகிதம் தர வேண்டியது வருவாய்த் துறையும் நிறுவனமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கு வெயிலோ தொழில்நுட்பமோ தடையாக இல்லை.