ஊதியம் பெற்ற தொண்டு: அமெரிக்கக் கல்லூரிகளில் குடிமைப் பயிற்சியின் வரலாறு

கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே ஒரு மாணவர் வாரத்தில் சில மணி நேரம் பள்ளியிலோ, நலவாழ்வு மையத்திலோ, இலவசச் சட்ட உதவி அலுவலகத்திலோ பணியாற்றி, அதற்கு ஊதியமும் பெற்று, பொதுவாழ்வில் பொறுப்பேற்கும் திறனை வளர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சமூகப் பயிற்சிப் பணி எனலாம். கூலி வாங்கினால் தொண்டின் தூய்மை கெடும் என்ற எண்ணம் எங்கும் உண்டு. ஆனால், வயிற்றுப்பாட்டுக்காக மாலை வேளைகளில் வேலைக்குப் போயாக வேண்டிய மாணவருக்குப் பொதுவாழ்வின் கதவைத் திறந்துவிட்டது ஊதியமே என்பதை அமெரிக்காவில் இந்த ஏற்பாடு வளர்ந்த வரலாறு காட்டுகிறது.

உழைத்துக்கொண்டே படிப்பது அந்நாட்டில் பழைய வழக்கம். அடிமைமுறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற சமயப் போதகர் கென்டக்கி மாநிலத்தில் 1855இல் நிறுவிய பெரியா கல்லூரி, 1892 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதன் மாணவர் ஒவ்வொருவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது இன்றும் விதி. எனினும் அந்த உழைப்பு நெடுங்காலம் பெரும்பாலும் பண்ணை, பட்டறை, சமையற்கூடம் எனக் கல்லூரியின் சொந்தத் தேவைகளையே சார்ந்திருந்தது.

மாணவர் உழைப்புக்கு அரசே ஊதியம் தரும் முறை 1930களின் பெருமந்தத்தில், அதாவது தொழிலும் வேலைவாய்ப்பும் ஒருசேரச் சரிந்த ஆண்டுகளில் பிறந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1935 ஜூனில் அமைத்த தேசிய இளைஞர் நிர்வாகம், வறுமையால் படிப்பைக் கைவிடும் நிலையிலிருந்த மாணவருக்குப் பகுதிநேர வேலையும் மாத ஊதியமும் அளித்தது. அதன் கறுப்பின மக்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்தூன், கறுப்பின மாணவரும் இவ்வுதவியைப் பெறப் பாடுபட்டார். டெக்சஸ் மாநிலத்தில் 1935 முதல் 1937 வரை இதை நடத்தியவர் லிண்டன் ஜான்சன். அவரும் துப்புரவு வேலை உள்ளிட்டவற்றைச் செய்து ஆசிரியர் கல்லூரியில் படித்தவர். இந்நிர்வாகம் போர்க்காலத்தில், 1943இல் கலைக்கப்பட்டது.

ஜான்சன் குடியரசுத் தலைவரான பின், வறுமை ஒழிப்புக்காக 1964இல் நிறைவேறிய பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கல்லூரி வேலை-படிப்புத் திட்டம் இடம்பெற்றது. மாணவரின் ஊதியத்தில் பெரும்பங்கைக் கூட்டாட்சி அரசு ஏற்க, எஞ்சியதை வேலை தருபவர் கொடுப்பது இதன் அடிப்படை. வளாகத்துக்கு வெளியே பொதுநல அமைப்புகளிலும் மாணவர் பணியாற்றச் சட்டம் தொடக்கத்திலேயே வழிவிட்டிருந்தது. ஆயினும் கல்லூரிகள் தம் நூலகத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் மலிவாகக் கிடைத்த கைகளை வெளியே அனுப்பப் பெரிதும் முன்வரவில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பல தரப்பிலிருந்தும் முயற்சிகள் எழுந்தன. சமூகப் பணியையும் பாடத்தையும் இணைத்து, செய்த வேலையைப் பற்றிச் சிந்திக்கவும் விவாதிக்கவும் வைக்கும் சேவைவழிக் கற்றல் என்ற முறை 1960களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் 1985இல் முன்னின்று தொடங்கிய கேம்பஸ் காம்பேக்ட் என்ற கூட்டமைப்பு, மாணவரைப் பொதுப்பணிக்குப் பழக்குவது கல்லூரியின் கடமை என வலியுறுத்தியது. இறுதியில் சட்டமே திருத்தப்பட்டது: வேலை-படிப்பு நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என 1992ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது, அந்த அளவு 2000இல் 7 விழுக்காடாக உயர்ந்தது. சிறுவர்க்கு வாசிக்கக் கற்றுத்தரும் மாணவரின் ஊதியம் முழுவதையும் அரசே ஏற்கும் சலுகை 1997இல் வந்தபின், ஏராளமான கல்லூரி மாணவர் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றனர்.

ஊதியத்தைத் தலைமைப் பயிற்சியோடு திட்டமிட்டு இணைத்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, பானர் அறக்கட்டளை 1990இல் பெரியா கல்லூரியில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம். பொருள்வசதி குறைந்த மாணவர் நான்காண்டுகளும் வாரம் ஏறத்தாழ 10 மணி நேரம் சமூகப் பணி செய்கின்றனர். கோடை விடுமுறையில் முழுநேரமாகப் பணியாற்றுகின்றனர். முதலாண்டில் பல அமைப்புகளை அறிந்துகொள்ளும் மாணவர், பின்னர் ஒன்றில் நிலைத்து, இறுதியாண்டுகளில் திட்டங்களை வகுக்கவும் இளையவர்களை வழிநடத்தவும் பொறுப்பேற்கிறார். இப்படிப் படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டுவதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

குடிமைத் தலைமை என்பது ஊர்ப் பிரச்சினைகளோடு நீண்ட காலம் பழகிப் பெறும் தேர்ச்சி. அந்தக் காலத்தை ஊதியமின்றிச் செலவிட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே முடியும் என்றால், தலைமையும் அவர்களிடமே தங்கிவிடும். ஏழை மாணவருக்குத் தரப்படும் கூலி, ஆகவே, சமத்துவத்துக்காகச் செய்யப்படும் செலவு. ஆனால் கூலி மட்டும் தலைவரை உருவாக்குவதில்லை. அதனோடு சிந்தனையும் வளரும் பொறுப்பும் சேர வேண்டும். சட்டம் வலியுறுத்துவது 7 விழுக்காடு மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு தூரம் செல்வது என்பதைக் கல்லூரிகளின் மனச்சான்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.