திண்ணைப் பள்ளியில் முதல் கணக்கு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்குப் பாடம் மணலில் தொடங்கியது. வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தையும் எண்ணையும் எழுத வைப்பார். பிள்ளை எழுதும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். விரலுக்கு வடிவமும் நாவுக்கு ஒலியும் பழகிய பிறகே எழுத்தாணியும் பனையோலையும் கைக்கு வரும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய பள்ளிகள் நாடெங்கும் இருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்கள் வழியாக ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். அதன் முடிவுகளைத் தொகுத்து அவர் 1826இல் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,84,110 சிறுவர்களும் 4,540 சிறுமியரும் படித்தனர். சிறுமியரின் எண்ணிக்கையே அந்தக் கல்வியின் எல்லையைக் காட்டிவிடுகிறது. தீண்டாமைக்கு ஆளான சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான திண்ணைகள் மூடியே இருந்தன.

இப்பள்ளிகளின் கணக்குப் பாடத்துக்கு மூன்று படிகள் உண்டு. முதல் படி பொன்னிலக்கம். இதில் பிள்ளை எண்களின் பெயரையும் குறியையும் வரிசையையும் கற்றது. வரிசை ஒன்றிலிருந்து அல்ல, 320இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து மேலேறும். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். இப்படிச் சிறியதோடு சிறியதைக் கூட்டி அரை, முக்கால் வழியாக ஒன்றை எட்டி, பிறகு பத்து, நூறு, ஆயிரம் எனப் போகும். கூட்டல் இங்கே தனிப் பாடமல்ல. எண்ணைக் கற்பதே கூட்டிக் கற்பதாக இருந்தது.

இரண்டாம் படி நெல்லிலக்கம். இது தானிய அளவைகளின் வரிசை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. அதற்கு மேல் பதக்கு, தூணி, கலம். களத்துமேட்டிலும் வீட்டுக் குதிரிலும் தினமும் புழங்கிய அளவைகள் இவை. கூலியும் குத்தகையும் நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், மரக்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த எண்கள் ஒவ்வொன்றும் கண்ணால் கண்ட பொருள்.

மூன்றாம் படி எண்சுவடி. பெருக்கல் வாய்ப்பாடுகளின் இந்தத் தொகுப்பில் முழு எண்ணை முழு எண்ணால் பெருக்குவதோடு, பின்னத்தை முழு எண்ணாலும் பின்னத்தைப் பின்னத்தாலும் பெருக்கும் வாய்ப்பாடுகளும் உண்டு. வாய்ப்பாட்டின் இறுதியில் அதிலுள்ள விடைகள் அனைத்தின் கூட்டுத்தொகையும் தரப்பட்டிருக்கும். மனத்தில் பதிந்தது சரிதானா என்று பிள்ளை தானே சோதித்துக்கொள்ள அது உதவியது. நிலத்தின் நீள அகலங்களைப் பெருக்கிப் பரப்பைக் காண்பதற்குக் குழிமாற்று என்ற வாய்ப்பாடு இருந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று நில அளவைக்கு அது வழிகாட்டியது.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வைத்தது முறை சொல்லுதல். விடியற்காலையிலும் மாலையிலும் ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வாத்தியாருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். தவறினால் பிரம்படி உண்டு. அச்சுப் புத்தகமோ காகிதமோ கிடைக்காத சூழலில் நினைவே ஏடாகவும் கருவியாகவும் இருந்தது. சந்தையில் நின்றபடியே முக்காலே அரைக்கால் பங்குக்கு விலை சொல்லும் திறன் இந்தப் பயிற்சியால் வந்தது. அதன் கடுமையும் உண்மை, அதன் பயனும் உண்மை.

மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த வழக்கம் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் சென்னை முறை என்றே பெயர்பெற்றுப் பரவியது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மானியமும் ஆய்வாளர்களும் தேர்வும் திண்ணைக்கு வந்தன. மணலின் இடத்தைச் சிலேட்டும், ஓலையின் இடத்தை அச்சிட்ட பாடநூலும், தமிழ் எண்களின் இடத்தை 1, 2, 3 என்ற குறிகளும் பிடித்தன. ஆயினும் பின்ன வாய்ப்பாடுகள் உடனே மறையவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்தவரை ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. கடைத்தெருவுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. 1957 ஏப்ரல் 1இல் ரூபாய் நூறு நயா பைசாவானதும், அதைத் தொடர்ந்து படியும் வீசையும் விலகி லிட்டரும் கிலோவும் வந்ததும், மாகாணிக்கும் முந்திரிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதோடு அந்த வாய்ப்பாடுகளும் வகுப்பறையை விட்டு நீங்கின.

அதன் பிறகு முதல் வகுப்புக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கிப் பத்து, நூறு என்ற இடமதிப்பின் வழியே நடக்கிறது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முயன்று, 2007-08இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் பொருள்களையும் பிள்ளையின் கையில் கொடுத்தது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எண்ணறிவை உறுதிசெய்ய முனைந்தது. ஊரின் அளவைகளோடு ஒட்டிய எண், ஓசையோடு பதியும் வரிசை, கையால் எழுதிப் பழகுதல் ஆகியவை திண்ணைப் பள்ளியின் நல்ல கூறுகள். பிரம்பும் சாதி விலக்கும் இல்லாமல் அவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவதே இன்றைய முதல் வகுப்பின் கடமை.