அரசன்–காலாள் இறுதியாட்டம்

அரசன்–காலாள் இறுதியாட்டம் என்பது, சதுரங்கத்தில் மற்ற காய்கள் அனைத்தும் வெட்டுப்பட்டு, இரு தரப்பிலும் அரசனும் காலாட்களும் (சிப்பாய்கள்) மட்டும் எஞ்சும் நிலை ஆகும். ஒரு காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாக மாறும் என்பதால், இந்நிலையில் ஒரே ஒரு நகர்த்தல் வெற்றியைச் சமநிலையாகவோ தோல்வியாகவோ மாற்றிவிடக்கூடும்.

எதிர்நிலை

இவ்வாட்டத்தின் அடிப்படை நுட்பம் எதிர்நிலை. இரு அரசர்களும் இடையில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை யாருடையதோ அவரே வழிவிட நேரும். வெள்ளை அரசன் இ5, வெள்ளைக் காலாள் இ4, கறுப்பு அரசன் இ7 ஆகிய கட்டங்களில் இருப்பதாகக் கொள்வோம். கறுப்பு நகர வேண்டுமெனில் வெள்ளை வெல்லும். வெள்ளை நகர வேண்டுமெனில் ஆட்டம் சமநிலையில் முடியும்.

வரலாறு

பிரான்சு நாட்டின் பிலிடோர் 1749 இல் வெளியிட்ட நூலில் காலாட்களை ஆட்டத்தின் உயிராகக் கருதினார். 1921 இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த புதிர், மூலைவிட்டமாக நடக்கும் அரசன் ஒரே நேரத்தில் இரு இலக்குகளை நெருங்க முடியும் என்று காட்டியது.

தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் 1961 இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார். 1972 இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவனாகப் பயின்ற விசுவநாதன் ஆனந்த், 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

சிங்கப்பூர், 2024

இந்த நுட்பம் உலகப் பட்டத்தையே தீர்மானித்த நிகழ்வு 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்தது. சென்னையைச் சேர்ந்த குகேஷும் சீனாவின் டிங் லிரனும் 13 ஆட்டங்களின் முடிவில் 6.5–6.5 எனச் சமமாக இருந்தனர். இறுதி ஆட்டமான 14 ஆவது ஆட்டத்தில் குகேஷிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. எனினும் கோட்டையும் அமைச்சரும் இரு தரப்பிலும் இருந்தவரை டிங்கால் சமநிலையைக் காக்க முடிந்தது.

53 ஆவது நகர்த்தலில் டிங் தம் அமைச்சரை ஏ8 மூலைக்குக் கொண்டுசென்றார். 55 ஆவது நகர்த்தலில் கோட்டையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் கோட்டைகளை மாற்றிக்கொண்டு, தம் அமைச்சரை டி5 கட்டத்தில் நிறுத்தினார். மூலையிலிருந்த வெள்ளை அமைச்சருக்கு விலகிச்செல்ல இடமில்லாததால் அமைச்சர்களும் வெட்டுப்பட்டன.

எஞ்சியவை: வெள்ளைக்கு இ3 இல் அரசன், ஜி3 இல் காலாள், கறுப்புக்கு இ5 இல் அரசன், எஃப்5, ஜி4 ஆகிய கட்டங்களில் காலாட்கள். நகர வேண்டியவர் டிங். எதிர்நிலை குகேஷிடம் இருந்தது. வெள்ளை அரசன் டி3 சென்றால் கறுப்பு எஃப்4 என்று காலாளைத் தள்ளும். காலாட்கள் மாறியபின் கறுப்பு அரசன் ஜி3 வழியாக நுழைந்து எஞ்சிய காலாளை அரசியாக்கும். எஃப்2 என்று பின்வாங்கினாலோ, கறுப்பு அரசன் டி4, இ4 வழியாக மீண்டும் எதிர்நிலையைப் பிடித்து ஜி3 காலாளைக் கைப்பற்றும். இதனால் 58 ஆவது நகர்த்தலுடன் டிங் தோல்வியை ஏற்றார்.

7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்ற குகேஷ் 18 ஆவது வயதில் உலக வாகையர் ஆனார். 1985 இல் 22 வயதில் பட்டம் வென்ற காசுபரோவின் சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. காய்களை மாற்றிக்கொள்ளும் முன்பே, மாற்றியபின் வரும் அரசன்–காலாள் நிலையைக் கணித்துப் பார்க்க வேண்டும் என்னும் விதிக்கு இவ்வாட்டம் சான்றாக விளங்குகிறது.