முனையத் தொகுப்பிகளில் துணைவிசைகளும் விசைப்பலகை அமைப்புகளும்

விம், ஈமாக்ஸ், நானோ முதலிய உரைத் தொகுப்பிகள் முனையச் சாளரத்துக்குள் இயங்குபவை. சுட்டிக்கும் பட்டியல்களுக்கும் அங்கே வேலை குறைவு. பெரும்பாலும் எல்லாமே விசைகளால் நடக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆகிய துணைவிசைகள் தனியே அழுத்தினால் எதையும் எழுதுவதில்லை. இன்னொரு விசையோடு சேரும்போது அதன் பொருளை மாற்றுகின்றன. எந்த விசை அழுந்தியது, எது விடுபட்டது என்ற செய்தி வரைகலைச் செயலிகளுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். முனையத்தில் ஓடும் நிரலுக்கு வழக்கமாக வந்து சேர்வது எண்களின் வரிசை மட்டுமே. புதியவர்களைத் திணறடிக்கும் விசைச் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கன்ட்ரோல் செய்யும் கழித்தல்

1963-ல் வெளியாகி, 1967-ல் சிற்றெழுத்துகளும் சேர்ந்து நிறைவுபெற்ற ஆஸ்கி குறிமுறை 7 பிட்டுகளில் 128 குறிகளை அடக்கியது. அவற்றில் 0 முதல் 31 வரையானவை தொலையச்சு இயந்திரங்களுக்கும் தொடர்புக் கம்பிகளுக்குமான கட்டளைகள்: மணியடி, அடுத்த வரிக்குப் போ, அனுப்புவதை நிறுத்து. இக்குறிகளை அனுப்பவே கன்ட்ரோல் விசை இருந்தது. எழுத்துக்குரிய எண்ணில் மேலேயுள்ள இரண்டு பிட்டுகளை அது நீக்கிவிடும். பெரிய ‘ஏ’ 65. 64-ஐக் கழித்தால் 1. சிறிய ‘ஏ’ 97. 96-ஐக் கழித்தாலும் அதே 1. ஆகவே கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினாலும் பழைய முறையில் தொகுப்பிக்கு வேறுபாடு தெரியாது.

இந்தக் கணக்கின் விளைவுகள் இன்றும் விரல்நுனியில் உணரப்படுபவை. கன்ட்ரோலும் ‘ஐ’யும் சேர்ந்தால் 9, அதாவது டேப். ‘எம்’ சேர்ந்தால் 13, என்டர். [ குறி சேர்ந்தால் 27, எஸ்கேப். எஸ்கேப் விசை எட்டாத தொலைவில் உள்ள பலகைகளில் விம் பயன்படுத்துவோர் கன்ட்ரோலோடு [ அழுத்துவது இதனால்தான். அது விம் தனியாகச் செய்துகொடுத்த வசதி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வழியிலும் போய்ச் சேர்வது ஒரே எண்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு: கன்ட்ரோல்-ஐக்கு வேறு வேலை கொடுத்தால் டேப் விசையும் அந்த வேலையையே செய்யத் தொடங்கிவிடும்.

கோப்பைச் சேமிக்கும் எண்ணத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தித் திரை உறைந்துபோய்த் திகைப்பவர்கள் ஏராளம். அது 19-ஆம் குறி, அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் பழைய ஆணை. முனைய இயக்கி அதைத் தானே பிடித்து வெளியீட்டைத் தேக்கிவைக்கிறது; கன்ட்ரோல்-க்யூ, அதாவது 17, அணையைத் திறந்துவிடும். எழுதியது எதுவும் தொலைவதில்லை. ஈமாக்ஸ் இந்தத் தடையை அணைத்துவிட்டு அதே விசையைத் தேடலுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

மெட்டாவும் எஸ்கேப்பும்

மெட்டா விசை ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகப் பலகையிலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யின் ஸ்பேஸ்-கேடட் பலகையில் கன்ட்ரோல், மெட்டா, சூப்பர், ஹைப்பர் என நான்கும் இருந்தன. 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த ஈமாக்ஸ் கன்ட்ரோல், மெட்டா இரண்டையும் அடித்தளமாகக் கொண்டது. மெட்டா எழுத்தின் எட்டாவது பிட்டை ஏற்றிவிடும். எண்ணோடு 128 கூடும். ஐரோப்பிய எழுத்துகளும் பிறகு யூடிஎஃப்-8 முறையும் அந்தப் பிட்டை எடுத்துக்கொண்டபோது இரண்டாவது வழியே நிலைத்தது: ஆல்ட்-எஃப் அழுத்தினால் முனையம் முதலில் 27-ஐயும் அடுத்து ‘எஃப்’ எழுத்தையும் அனுப்பும். ஆல்ட் இல்லாத பலகையிலும் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டினால் அதே பலன் கிடைக்கும்.

இந்த வசதிக்கு விலை காத்திருப்பு. 1978-ன் விடி100 முனையத்திலிருந்து வந்த மரபுப்படி மேல்நோக்கு அம்பு விசை 27, [, ‘ஏ’ என மூன்று குறிகளை அனுப்புகிறது. ஒரு 27 வந்ததும், அது தனி எஸ்கேப்பா, ஆல்ட்டின் தொடக்கமா, அம்பு விசையின் தலையா என்று தொகுப்பியால் உடனே சொல்ல முடியாது. சிறிது நேரம் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஒரே முனையத்துக்குள் பல அமர்வுகளை நடத்த உதவும் டிமக்ஸ் நிரலில் இந்தக் காத்திருப்பு நெடுங்காலம் இயல்பாகவே அரை நொடியாக இருந்தது. அதற்குள் ஓடும் விம் மந்தமாகத் தோன்றியதற்கும், எஸ்கேப்பைத் தொடர்ந்து வேகமாகத் தட்டிய எழுத்து ஆல்ட் கட்டளையாக மாறியதற்கும் அதுவே காரணம். தன் கணினியிலேயே வேலை செய்பவர் 10 அல்லது 20 மில்லிநொடிக்கு அதைக் குறைத்துவிடலாம். அரை நொடியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. மெதுவான இணைப்பில் தொலைக்கணினிக்குப் போகும்போது மட்டும், அம்பு விசையின் மூன்று குறிகள் பிரிந்து வந்து உரைக்குள் விழும் வாய்ப்பு உண்டு.

எக்ஸ்டெர்ம் முனையம் அம்பு விசைகளுக்குத் துணைவிசை எண்ணையும் சேர்த்தது: ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4; கூட்டி 1 சேர்க்க வேண்டும். கன்ட்ரோலோடு வலது அம்பு என்றால் 5. எழுத்து விசைகளுக்கும் இதே தெளிவைத் தருவது, காலிபர் மென்பொருளை உருவாக்கிய கோவிட் கோயலின் கிட்டி முனையம் வகுத்த நெறிமுறை. விசையின் யூனிகோட் எண்ணும் துணைவிசை எண்ணும் சேர்ந்தே போவதால் டேப்பும் கன்ட்ரோல்-ஐயும் ஒருவழியாகப் பிரிகின்றன. முனையம், தொகுப்பி, நடுவே டிமக்ஸ் இருந்தால் அதுவும், இதை ஏற்றாக வேண்டும்.

பலகை மாறினால்

பில் ஜாய் 1976-ல் விம்மின் முன்னோடியான வீஐ தொகுப்பியை எழுதியது ஏடிஎம்-3ஏ முனையத்தில். அதில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன; விம்மில் நகர்வதற்கு இன்றும் அவையே. இன்று டேப் உள்ள இடத்தில் எஸ்கேப் இருந்தது. கன்ட்ரோல் ‘ஏ’வுக்கு இடப்பக்கம் இருந்தது. ஸ்பேஸ்-கேடட் பலகையில் கன்ட்ரோல் இடைவெளிப் பட்டையை ஒட்டி, கட்டைவிரலுக்கு அருகில் இருந்தது. ஐ.பி.எம்.மின் 101 விசைப் பலகை அதை மூலைக்குத் தள்ளி, ‘ஏ’வுக்கு அருகில் கேப்ஸ் லாக்கை வைத்தது. ஈமாக்ஸ்காரர்களின் சுண்டுவிரல் வலியில் இந்த இடமாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்குவதுபோல் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு ஆறுதல் தரும் மாற்றம் வேறில்லை.

1936-ல் காப்புரிமை பெற்ற த்வோராக் அமைப்பில் எச், ஜே, கே, எல் சிதறிப்போகின்றன. ஜெர்மன் பலகையில் ] குறிக்கே ஆல்ட்ஜிஆர் விசையோடு 9 தேவை, விம்மில் வரையறைக்குத் தாவும் கன்ட்ரோல்-] அங்கே கைக்கு எளிதில் வராது. பல முனையங்கள் விடி220 வழக்கப்படி கன்ட்ரோல்-5-ஐயும் அதே 29-ஆம் குறியாக அனுப்புவது உதவும்.

தமிழில் எழுதுவோருக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் எச், ஜே, கே, எல் விசைகள் க, ப, ம, த ஆகின்றன. ஒரு பத்தியைத் தமிழில் எழுதி எஸ்கேப்பைத் தட்டிவிட்டு மேல்வரிக்குப் போக முயன்றால் விம்முக்குப் போவது ‘ம’. அதற்கு அங்கே கட்டளை எதுவும் இல்லை. கன்ட்ரோல் சேர்த்தாலும் பயனில்லை: ‘ம’வின் யூனிகோட் எண் 2990, ஆஸ்கியின் கழித்தல் கணக்கில் அதற்கு இடமில்லை. பின்னணியில் உள்ள ஆங்கில அமைப்பைப் பார்த்துச் சரியான குறியை அனுப்பும் முனையங்கள் உண்டு. எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

இயங்குதளத்தின் பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, தமிழ் உள்ளீட்டைத் தொகுப்பிக்குள்ளேயே வைத்துக்கொள்வதே நல்ல வழி. ஈமாக்ஸில் கன்ட்ரோல்-\ அழுத்தினால் உள்ளீட்டு முறை மாறும். தமிழுக்கு இன்ஸ்கிரிப்ட், ஐட்ரான்ஸ் முறைகள் அதனுடனேயே வருகின்றன. விம்மில் கீமேப் அமைப்பைத் தேர்ந்து கன்ட்ரோல்-^ கொண்டு மாற்றிக்கொள்ளலாம். விம்முடன் வரும் தமிழ்க் கோப்பு பழைய திஸ்கி குறிமுறைக்கானது. யூனிகோடுக்கு விசையையும் எழுத்தையும் இணை இணையாக எழுதி ஒரு கோப்பைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கட்டளைகள் ஆங்கில விசைகளிலேயே நிற்க, செருகும் உரையும், தேடும் சொல்லும், எஃப் கட்டளையை அடுத்துத் தட்டும் எழுத்தும் தமிழில் அமையும்.