கன்ன எலும்பில் ஊன்றும் பல் உள்வைப்பு: நீண்டகால விளைவுகள்

மேல்தாடை எலும்பு தேய்ந்துபோனவர்களுக்கும், நோய் காரணமாக அதை வெட்டி எடுக்க நேர்ந்தவர்களுக்கும் நிலையான பல்வரிசை பொருத்துவதற்காகக் கன்ன எலும்பில் ஊன்றப்படும் நீண்ட டைட்டானியத் திருகு, கன்ன எலும்பு உள்வைப்பு எனப்படும். சாதாரண உள்வைப்புகள் பெரும்பாலும் 8 முதல் 15 மில்லிமீட்டர் நீளமுடையவை. கன்ன எலும்பு உள்வைப்பின் நீளம் பெரும்பாலும் 30 முதல் 52.5 மில்லிமீட்டர் வரை.

பல் விழுந்த இடத்தில் எலும்பு கரையும். மேலிருந்து சைனஸ் குழியும் இறங்கிவரும். இந்நிலையில் கட்டுப்பல் வாயில் நிற்காது, குட்டைத் திருகுக்கும் பிடி கிடைக்காது. கன்ன எலும்போ பல் இழப்பால் அந்த அளவுக்குத் தேய்வதில்லை. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் (1929–2014) கன்ன எலும்பின் இந்த உறுதியைப் பயன்படுத்திக்கொண்டார். புற்றுநோயாலும் விபத்தாலும் மேல்தாடையை இழந்தவர்களுக்கே இம்முறை முதலில் கைகொடுத்தது.

    

நீண்டகாலத் தரவுகளில் முதலில் குறிப்பிட வேண்டியது பிரோனமார்க் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு. 28 நோயாளிகளுக்குப் பொருத்திய 52 திருகுகளை அவர்கள் 5 முதல் 10 ஆண்டுகள் வரை கவனித்தார்கள். மூன்று மட்டுமே தோற்றன. சுவீடனின் மால்மோ ஆய்வாளர்கள் 2016இல் தொகுத்த மதிப்பாய்வு 4,556 திருகுகளைக் கணக்கில் எடுத்தது. 12 ஆண்டுகளில் நிலைத்தவை 95.21 விழுக்காடு. தோல்விகளில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள் நேர்ந்தவை. ஆனால் தொகுக்கப்பட்ட ஆய்வுகள் பல குறுகிய காலத்தவை; பன்னிரண்டாம் ஆண்டுவரை கவனிக்கப்பட்டவர்கள் சிலரே. விளம்பரங்களில் 95.21 என்ற எண்ணைக் காண்பவர்கள் இந்தக் குறையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

திருகு கழன்றுவிடாமல் இருப்பதும் நோயாளி நலமாக இருப்பதும் ஒன்றல்ல. ஆண்டுகள் கழிந்து தலைகாட்டும் முதன்மையான தொல்லை சைனஸ் அழற்சி. இலங்கைத் தமிழர் பேச்சில் பீனிசம். தொடக்ககால முறையில் திருகு சைனஸ் குழிக்கு உள்ளேயே சென்றது. அதன் தலை அண்ணப் பக்கம் வெளிவந்ததால், அங்கே எலும்பு மெலிந்தபோது வாய்க்கும் சைனஸுக்கும் இடையே கசிவு ஏற்பட்டது. அழற்சியின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் மாறுகிறது. சிலர் நோயாளி சொல்லும் அறிகுறியை மட்டும் பதிந்தார்கள், சிலர் சி.டி. படத்தையும் பார்த்தார்கள். அழற்சி வந்தாலே திருகை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. மருந்தாலோ எண்டோஸ்கோப் அறுவையாலோ பலருக்குத் தீர்கிறது.

ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் அபரிசியோ 2011இல் முன்வைத்த வகைப்பாடு, ஒவ்வொருவரின் எலும்பு வடிவத்துக்கு ஏற்பத் திருகின் பாதையைத் தீர்மானிக்கச் சொன்னது. பலருக்கு அந்தப் பாதை சைனஸுக்கு வெளியே போகலாம். இதிலும் ஒரு விலை உண்டு: மெல்லிய ஈறு பின்வாங்கி, திருகு கன்னப் பக்கம் வெளித்தெரியக்கூடும். 2020இல் அவரும் சக ஆய்வாளர்களும் வகுத்த அளவுகோல், திருகின் உறுதியோடு சைனஸின் நிலை, ஈற்றுத் தொற்று, பல்வரிசை அமையும் இடம் ஆகியவற்றையும் சேர்த்தே வெற்றியை அளக்கிறது. இதுவே நேர்மையான அளவு.

இடுப்பெலும்பை எடுத்து ஒட்டும் பழைய வழியில் பல் பொருத்த ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கன்ன எலும்பு முறையில் பெரும்பாலும் சில நாட்களிலேயே தற்காலிகப் பல் வைக்கலாம். எலும்பைப் பெருக்கிச் சாதாரண உள்வைப்பு வைக்கும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வில் கன்ன எலும்பு முறையில் தோல்விகள் குறைவாகவும் சிக்கல்கள் கூடுதலாகவும் இருந்தன.

இந்தியாவில் கன்ன எலும்பு முறையின் தேவை 2021இல் திடீரெனப் பெருகியது. கொரோனாவின் இரண்டாம் அலையோடு 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கறுப்புப் பூஞ்சை நோய் கண்டது. கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழிவிட்டன. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. பூஞ்சை தாக்கிய எலும்பை வெட்டி எடுக்க நேர்ந்ததால், உயிர் தப்பியவர்களில் பலர் மேல்தாடையை இழந்தார்கள். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வருவதும், பேச்சு விளங்காமல் போவதும் அவர்களின் அன்றாடமாயிற்று. அவர்களில் சிலருக்குக் கன்ன எலும்புத் திருகே மெல்லும் ஆற்றலைத் திருப்பித் தந்தது. பூஞ்சை கன்ன எலும்பையும் தாக்கக்கூடியது என்பதால், நோய் முற்றாக நீங்கியதைப் படமெடுத்து உறுதி செய்த பின்பே ஊன்ற வேண்டும். அண்மைக்கால நோயாளிகளான இவர்களின் பத்தாண்டு விளைவு இனிமேல்தான் தெரியவரும்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, புகைப்பதை நிறுத்துவது, ஈற்றைத் துப்புரவாக வைப்பது ஆகியவை அறுவைக்குப் பிறகும் தொடர வேண்டியவை. பல்வரிசையின் திருகாணி தளர்வதும் அக்ரிலிக் பல் உடைவதும் காலப்போக்கில் நேரும் பழுதுகள். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள இறக்கக்கண்டி போன்ற கரையோர ஊர்களிலிருந்து பேராதனைப் பல் மருத்துவ பீடமோ கொழும்போ பல மணிநேரப் பயணம். ஆகவே சம்மதம் சொல்லுமுன், ஆண்டுதோறும் யார் பார்ப்பார்கள், பீனிசம் வந்தால் எந்தக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போவது என்பதைக் கேட்டறியுங்கள். திருகின் நிறுவனமும் அளவும் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.