பென்சில் செல்லும் ஒன்பது மணி முகூர்த்தமும்

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் தாலி கட்டுற நேரம் எவ்வளவுன்னு யாராவது கணக்குப் பார்த்திருக்கீங்களா மக்களே? ஐயர் மந்திரம், வாத்தியம், அட்சதை எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஓடும். ஆனா மாப்பிள்ளை கை பெண்ணோட கழுத்துக்குப் போயி முடிச்சு விழுறது இருபது செகண்டு இருந்தா அதிகம். அந்த இருபது செகண்டுல ஃப்ளாஷ் நாலு தடவை எரியுமா, ஒரு தடவை எரியுமா, இல்லே எரியாமலே போகுமாங்கிறதுதான் போட்டோகிராபரோட மானப் பிரச்சினை. "இன்னொரு தடவை கட்டுங்க"ன்னு கேக்க முடியாது பாருங்க :-)

இதைத் தீர்மானிக்கிறது கேமரா இல்லை, லென்ஸ் இல்லை. உள்ளே கிடக்கிற பேட்டரிக் கட்டை. கேமராவோட வரலாற்றை எழுத ஆள் இருக்கு. பேட்டரிக்கு யாரும் எழுதுறதில்லை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல ஃப்ளாஷே பேட்டரி இல்லாமத்தான் இருந்துச்சு. 1887-ல் ஜெர்மனியில மீத்தே, கேடிக்கே-ன்னு ரெண்டு பேர் மக்னீசியம் பொடியை மத்த ரசாயனத்தோட கலந்து கொளுத்திப் படம் எடுத்தாங்க. பட்டாசு மாதிரி வெடிக்கும், புகை மண்டும். 1929-ல் கண்ணாடிக் குமிழுக்குள்ள அடைச்ச பல்பு வந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எரிஞ்சதும் தூக்கிப் போடணும். பத்துப் படம் எடுத்தா பத்து பல்பு காலி. நம்ம ஊர் பழைய ஆல்பங்கள்ல கல்யாணத்துக்கு ஏன் பன்னிரண்டு படம் மட்டும் இருக்குன்னு இதிலிருந்தே புரியும். ஃபிலிம் விலை ஒரு பக்கம், பல்பு விலை இன்னொரு பக்கம்.

இதை மாத்தினவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன். 1931 வாக்கில் அவர் செஞ்ச எலக்ட்ரானிக் ஃப்ளாஷ், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப எரிய வச்சது. இப்ப உங்க கேமரா மேல உக்காந்திருக்கிற ஃப்ளாஷும் அதே சங்கதிதான். பேட்டரியோட சின்ன வோல்ட்டை முந்நூறு வோல்ட் அளவுக்கு ஏத்தி ஒரு கெப்பாசிட்டர்ல சேத்து வைக்கும். பட்டனை அமுக்குனதும் மொத்தத்தையும் குழாய்க்குள்ள ஒரே மூச்சில் கொட்டும். படம் எடுத்ததும் "கீய்ங்ங்..."ன்னு ஒரு சத்தம் கேக்குமே, கெப்பாசிட்டர் திரும்ப நிரம்புற சத்தம் அது. நல்ல பேட்டரின்னா மூணு செகண்டுல அடங்கும். செத்த பேட்டரின்னா கெட்டிமேளம் முடிஞ்சு சாப்பாட்டுப் பந்தி போட்ட பிறகும் கீய்ங்கிட்டே இருக்கும்.

ஆக இதுக்குத் தேவை, நிறைய சேத்து வைக்கிற பேட்டரி மட்டும் இல்லை. சேத்து வச்சதைச் சட்டுன்னு கொடுக்கிற பேட்டரி. இந்த ரெண்டும் வேற வேற குணம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மிச்ச வரலாறு தானா புரியும்.

திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற பேட்டரியில மூத்தது ஈயம். 1859-ல் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே செஞ்சது. நம்ம கார்ல, இன்வெர்ட்டர்ல இருக்கிற அதே ஜாதி. ஆசிட் தளும்புற சாமானைத் தோள்ல மாட்டிக்கிட்டு கல்யாண வீட்டுக்குள்ள போனா பட்டுச்சேலை என்னத்துக்காகும்? 1957-ல் ஜெர்மனியின் சொன்னன்ஷைன் கம்பெனி ஆசிட்டைக் களி மாதிரி உறைய வச்சு ஒரு பேட்டரி செஞ்சது. சாய்ச்சாலும் சிந்தாது. மெட்ஸ் 60 மாதிரி பெரிய ஃப்ளாஷ்களுக்குத் தோள்ல தொங்குற பெட்டியா வந்தது இந்த வகைதான். பழைய ஸ்டுடியோ அண்ணாச்சிமாரைக் கேட்டுப் பாருங்க, மெட்ஸ் பேரைச் சொன்னாலே முகம் மலரும். ஒரு அண்ணாச்சி எங்கிட்ட சொன்னது: "மக்கா, அதை ஒரு தோள்ல, கேமரா பையை மறு தோள்ல போட்டா தராசு மாதிரி நேரா நடக்கலாம் பாத்துக்கோ."

ஈயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பட்டினி போட்டா செத்துரும். ஆடி மாசம் கல்யாணம் கிடையாதுன்னு காலியான பேட்டரியை அப்படியே மூலையில் வச்சா, ஆவணியில் எடுக்கும்போது தகட்டுல உப்புப் படிஞ்சு உயிர் போயிருக்கும். ஈயத்தை எப்பவும் நிரப்பியே வைக்கணும்.

அடுத்தவர் நிக்கல்-காட்மியம். சுவீடனின் வால்டெமார் யுங்னர் 1899-ல் செஞ்சது. 1947-ல் அதை முழுசா மூடி சீல் வைக்கிற வழி கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் பென்சில் செல் அளவுக்குச் சுருங்கிக் கைக்கு வந்தது. கொள்ளளவு குறைச்சல்தான், ஒரு செல்லுக்கு ஐந்நூறு, அறுநூறு எம்.ஏ.ஹெச். ஆனா உள் தடை ரொம்பக் குறைவு. கேட்ட உடனே அள்ளிக் கொடுக்கும். ஃப்ளாஷுக்குன்னே பிறந்த மாதிரி.

இந்த காட்மியம்தான் நம்ம ஊருக்கு "ஃபுல்லா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்"ங்கிற வேதத்தைக் கொடுத்தது. விண்வெளியில சுத்துற சாட்டிலைட்டுல தினமும் ஒரே அளவுக்கு இறங்கி ஏறின செல்கள், அந்த அளவுக்கு மேல வேலை செய்ய மறுத்துச்சு. அதுக்கு 'ஞாபக விளைவு'ன்னு பேர் வச்சாங்க. வீட்டு உபயோகத்துல அந்த அளவு துல்லியமா யாரும் பயன்படுத்துறதில்லை, அதனால அது நமக்கு அபூர்வம். ஆனா வேதம் மட்டும் நிலைச்சிருச்சு. இன்னைக்கும் செல்போனை ஒரு சதவீதம் வரைக்கும் இறக்கிட்டு சார்ஜ் போடுற புண்ணியவான்கள் இருக்காங்க. லித்தியம் பேட்டரிக்கு அது நல்லது இல்லவே இல்லை, அதை அரைகுறையா ஏத்தி இறக்குறதுதான் ஆயுசைக் கூட்டும். தாத்தாவுக்குக் கொடுத்த மருந்தைப் பேரனுக்குக் கொடுக்கிற கதை.

1989 வாக்கில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கடைக்கு வந்தது. அது நம்ம கைக்கு வந்தது ரெண்டாயிரத்துக்கு மேல, டிஜிட்டல் கேமராவோட. கேனான் பவர்ஷாட் ஏ வரிசை நினைவிருக்கா? ரெண்டோ நாலோ பென்சில் செல் போட்டாப் போதும். நம்ம ஜில்லாவுல வீட்டுக்கொருத்தர் கல்ஃப்ல இருக்கிற புண்ணியத்தில், துபாய், மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்த பெட்டிகளில் அந்தக் கேமராவும் கூடவே ஒரு சார்ஜரும் இருக்கும். கேமராவைப் பீரோவில் பூட்டி வைப்பாங்க. சார்ஜரை டி.வி. ரிமோட் செல்லுக்குப் பயன்படுத்துவாங்க :-)

அந்தக் கேமராவில் பெட்டிக்கடை ஆல்கலைன் செல்லைப் போட்டா பத்து இருபது படத்தில் "பேட்டரி மாற்றவும்"னு சிவப்பு விளக்கு எரியும். அதே செல்லை எடுத்து சுவர்க் கடிகாரத்தில் போட்டா ஒரு வருஷம் ஓடும்! கடைக்காரர் ஏமாத்தலை. ஆல்கலைன் செல்லில் இரண்டாயிரத்து ஐந்நூறு எம்.ஏ.ஹெச். இருக்கிறது நிஜம்தான், மெதுவா எடுத்தா. கேமரா மாதிரி ஒரு ஆம்பியர் கேட்டா பாதிக்குக் கீழதான் கிடைக்கும், வோல்ட்டும் மளமளன்னு இறங்கும். ஹைட்ரைடு செல்லோ 1.2 வோல்ட்தான், கேக்க இளப்பமா இருக்கும். ஆனா கடைசி வரைக்கும் அந்த 1.2-ஐ விட்டு இறங்காது. 1.5 பெருசா 1.2 பெருசான்னு கேட்டா, கேமராவைப் பொறுத்தவரை 1.2 தான் பெருசு.

ஒரு காகிதக் கணக்கு. 2000 எம்.ஏ.ஹெச். ஹைட்ரைடு செல் ஒண்ணில் 2.4 வாட்-மணி. நாலு செல்லுக்கு 9.6. ஜூலில் சொன்னா 34,560. வோல்ட்டை ஏத்துற வழியில பாதி வீணாப் போச்சுன்னு வச்சுக்கிடுங்க, மிச்சம் பதினேழாயிரம். முழு வேகத்தில் ஒரு தடவை எரிய எழுபது ஜூல்னா, சுமார் 240 தடவை. கல்யாண வீட்டில் எப்பவும் முழு வேகம் தேவைப்படாது, பாதி, கால் வேகம் போதும். அதனால ரெண்டு செட் செல் இருந்தா ஒரு கல்யாணம் தாராளமா முடியும். மூணாவது செட் மன நிம்மதிக்கு.

சரி, அந்த ஹைட்ரைடுக்குக் குறையே இல்லையா? இருந்துச்சு, பெரிய குறை. சும்மா வச்சாலே கசியும். மாசத்துக்கு இருபது முப்பது சதவீதம் காணாமப் போகும், நம்ம ஊர் வெக்கையில் இன்னும் வேகமா. போன மாசம் சார்ஜ் போட்டு பத்திரமா வச்ச செல்லை முகூர்த்தத்தன்னைக்கு எடுத்தா கை விரிச்சிரும். இதைத் தீர்த்தது ஜப்பானின் சான்யோ. 2005 நவம்பரில் 'எனிலூப்'னு வெள்ளை நிறத்தில் ஒரு செல்லை இறக்குனாங்க. ஒரு வருஷம் கழிச்சும் 85 சதவீதம் இருக்கும்னு சொன்னாங்க. அட்டையில் போட்ட எண் 2000 தான். அப்போ கடையில 2500, 2700 எல்லாம் கிடைச்சது. எண்ணைப் பார்த்து வாங்கினவங்க அதை வாங்கினாங்க. எரியுமா எரியாதான்னு கவலைப்பட்டவங்க இதை வாங்கினாங்க. என்னைக் கேட்டா, இந்த ஐம்பது வருஷத்தில் சாதாரண போட்டோகிராபருக்குக் கிடைச்ச பெரிய உபகாரம் ஆட்டோஃபோகஸ் இல்லை, இதுதான். சான்யோ பிற்பாடு பானசோனிக் கைக்குப் போச்சு, வெள்ளை செல் இன்னும் வருது.

இப்ப ஆன்லைன்ல பென்சில் செல்லில் 4000 எம்.ஏ.ஹெச்.னு அச்சடிச்சு விக்கிறாங்க. அந்த அளவு உருளைக்குள்ள ஹைட்ரைடை எவ்வளவு அமுக்கினாலும் 2700, 2800-க்கு மேல போகாது. சந்தேகம்னா தராசுல வைங்க. நல்ல செல் 26-லிருந்து 30 கிராம் வரும். இருபதுக்குக் கீழன்னா உள்ளே காத்துதான். வாங்குன செல்லுல மார்க்கரால ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எழுதி, அந்த நாலையும் கடைசி வரைக்கும் பிரிக்காதீங்க. மூணு நல்ல செல்லோட ஒரு கிழட்டுச் செல்லைப் போட்டா, கிழடு முதல்ல காலியாகும், மத்த மூணும் சேர்ந்து அதைத் தலைகீழா சார்ஜ் ஏத்திக் கொன்னுரும். சார்ஜர், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா கவனிக்கிறதா இருக்கணும். செல் நிரம்பும்போது அதோட வோல்ட் ஏறிக்கிட்டே போயி ஒரு இம்மி கீழே இறங்கும். நல்ல சார்ஜர் அந்த இம்மியைப் பார்த்து நிறுத்திக்கும். மலிவு சார்ஜர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நிறுத்தும், செல் அவிஞ்சு போகும்.

நம்ம கடலோரத்துக்குன்னு ஒண்ணு சொல்லணும். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுறதைப் பிடிக்க ஸ்டாண்டோட நிக்கிறவங்க, ராத்திரியே பேட்டரியைக் கழற்றி முனையை உலர்ந்த துணியால துடைச்சிருங்க. உப்புக் காத்துப் படிஞ்சா தொடர்பு கெட்டு, நிறைஞ்ச பேட்டரியும் காலின்னு காட்டும்.

லித்தியம் கதை தெரிஞ்சதுதான். விட்டிங்காம், குட்எனஃப், யோஷினோ மூணு பேரோட எழுபது, எண்பதுகளின் வேலை, 1991-ல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது, 2019-ல் நோபல். சோனி அதை முதல்ல போட்ட சாமான்களில் ஒண்ணு வீடியோ கேமராங்கிறதை நம்ம ஆட்கள் மறந்துடுறாங்க. படம் பிடிக்கிறவன் தோள்வலிதான் லித்தியத்தை உலகத்துக்கு அழைச்சிட்டு வந்ததுன்னு கொஞ்சம் கெத்தா சொல்லிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்னைக்கு ராதாகிருஷ்ணன் திறந்து வச்சது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பேட்டரிதான் அங்கே முக்கியமான வேலைகளில் ஒண்ணு. லித்தியம் அயனி செல் செய்யிற தொழில்நுட்பத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க அவங்க ஒப்பந்தம் போட்டது 2018-ல். அறுபத்தஞ்சு வருஷம். நம்ம கேமராவுக்குள்ள இன்னும் ஜப்பானும் சீனாவும்தான். வயித்தெரிச்சலா இருக்கு, என்ன செய்ய.

2017 நவம்பர் 30 ஒக்கி. நம்ம ஜில்லாவில் மரமும் மின்கம்பமும் சாய்ஞ்சு, பல ஊர்ல நாள்கணக்கில் கரண்ட் இல்லை. உள்ளேயே பூட்டின லித்தியம் போன் எல்லாம் ரெண்டாம் நாளே கறுத்துப் போச்சு. ஜெனரேட்டர் வச்ச வீட்டு வாசலில் சார்ஜர் வயர் கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவங்க திரும்பலை. டிசம்பர் 7-ந் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்க தண்டவாளத்தில் உக்காந்தாங்க. அந்த நாட்களில் கரையோர வீடுகளில் காணாமப் போனவங்க படத்தைப் பெண்கள் கையில் பிடிச்சிருந்தாங்க. சட்டமிட்ட படம், ஆல்பத்திலிருந்து பிரிச்சு எடுத்த கல்யாணப் படம். போன்ல இருந்தது போனோட அணைஞ்சிருச்சு. காகிதத்தில் இருந்தது கையில் இருந்தது. என்னைக்கோ ஒரு நாள் சர்ச்சு வாசலில் யாரோ ஒரு போட்டோகிராபரோட நாலு செல் சரியா எரிஞ்சதால கிடைச்ச முகங்கள்.

இப்ப ஸ்டுடியோக்காரங்க ஃப்ளாஷுக்குள்ளயும் லித்தியம் வந்துருச்சு, ஒன்றரை செகண்டில் தயாராகும். வெளிநாடு போற மாப்பிள்ளைமார் கவனத்துக்கு: உபரி லித்தியம் பேட்டரி விமானத்தில் கைப்பையில்தான் வரணும், செக்-இன் பெட்டியில் கூடாது. நூறு வாட்-மணிக்கு உள்ளேன்னா பிரச்சினை இல்லை, கேமரா பேட்டரி எல்லாம் பத்து பதினஞ்சுதான் வரும். முனையில் ஒரு டேப் ஒட்டிக்கிடுங்க. மாசக்கணக்கில் எடுக்காம வைக்கிறதுன்னா பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில்.

பழைய மெட்ஸ் பெட்டி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தா, உள்ளே இருக்கிற ஈயத்துக்கு ஆக்கர் கடைக்காரர் விலை கொடுத்து எடுத்துக்கிடுவார். காட்மியம் செல்லுக்குத்தான் யாரும் விலை சொல்ல மாட்டாங்க. காட்மியம் விஷம். தென்னை மூட்டிலயும் குளத்திலயும் எறியாதீங்க. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி, செல்லைத் தயாரிச்சு விக்கிறவங்கதான் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. வாங்குற கடையில் பழசை நீட்டிப் பாருங்க. "இதை எதுக்கு எங்கிட்ட தாரீய?"ன்னு கேட்டாலும் விடாதீங்க.